'இன்வல்யூஷன்' முதல் மூளைச்சலவை வரை: சீனச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வரும் பாதைகள்

சீனாவின் மின்சார வாகன நிறுவனங்களும் சூரியத் தகடு நிறுவனங்களும் நடத்தும் விலைப்போரைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் 'இன்வல்யூஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடத்தான் செய்யும். உள்நோக்கிச் சுருளுதல் என்று ஒரு பொருள் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவது மருத்துவப் பொருள். கணிதத்தில் வேறொரு பொருள். இவற்றில் எதுவும் விலைப்போருக்குப் பொருந்தாது.

காரணம், அங்கே எழுத்துதான் ஆங்கிலம், பொருள் சீனம். எல்லோரும் மேலும் மேலும் உழைத்தும் யாரும் முன்னேறாத, ஒருவரை ஒருவர் தேய்த்துக்கொள்ளும் போட்டியைச் சீனர்கள் 'நெய்ஜுவான்' என்கிறார்கள். அந்தப் பொருள் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்படி ஏறுவது புதிதல்ல, 350 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதன் வழிமுறையைப் புரிந்துகொண்டால், "ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் சீனச் சொல்" என்று வரும் செய்திகளில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கடன் வாங்குவதில் மூன்று வகை

1. ஒலிக்கடன். சொல்லின் ஓசையே வருவது. 'டீ', 'வோக்' (சீன வாணலி), 'டிம் சம்' (சீனச் சிற்றுண்டி), 'ஃபெங் ஷுய்' (சீன வாஸ்து) இந்த வகை. பொருளுக்கு ஆங்கிலத்தில் பெயரே இல்லாதபோது, குறிப்பாகச் சமையலிலும் வணிகத்திலும், இதுதான் நடக்கும்.

2. மொழிபெயர்ப்புக் கடன். ஓசையை விட்டுவிட்டு, சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொள்வது. சீன மொழியில் 'ஷி' என்றால் கழுவு, 'நாவ்' என்றால் மூளை. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் 'பிரெயின்வாஷ்' ஆனது. இந்த வகைச் சொல்லைப் பார்த்தவுடன் வெளியூர்ச் சரக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இது ஆழமாக வேர்விடுகிறது.

3. பொருட்கடன். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்குச் சீனச் சொல்லின் பொருளைக் கூடுதலாக ஏற்றுவது. 'இன்வல்யூஷன்' இந்த வகை. மூன்றிலும் அதிகம் குழப்புவதும் இதுதான்.

இன்னொரு அடிப்படையும் தேவை. 'சீனம்' என்பது பேச்சில் ஒரே மொழி அல்ல. வடக்கே மாண்டரின், குவாங்சோ நகரையும் ஹாங்காங்கையும் சுற்றிக் காண்டனீஸ், ஃபூஜியன் மாகாணத் தென்கரையில் ஹொக்கியன். எழுத்து ஒன்றாக இருந்தாலும், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத அளவுக்கு வேறுபட்டவை. எந்தத் துறைமுகத்தில் யாரோடு வணிகம் நடந்ததோ, அந்த ஊர் உச்சரிப்புதான் கப்பலேறியது.

துறைமுக வாசல்: ஒரு கோப்பைத் தேநீர்

தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்து ஒன்றுதான். மாண்டரினிலும் காண்டனீஸிலும் அதைச் 'சா' என்று படிப்பார்கள். ஹொக்கியனில் 'தே'. 1557 முதல் சீனத் தென்கரையின் மக்காவ் துறைமுகத்தில் தங்கியிருந்த போர்த்துகீசியர் காண்டனீஸ் காதால் கேட்டு 'சா' என்றார்கள். டச்சுக்காரர்களுக்குத் தேயிலை கொடுத்தவர்கள் ஹொக்கியன் வணிகர்கள். ஆகவே டச்சு வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது 'தே'. தரைவழியாகப் பாரசீகம், ரஷ்யா, வட இந்தியா போனது 'சாய்'.

லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று தம் நாட்குறிப்பில், முன்பு குடித்தே இராத ஒரு சீனப் பானத்தை வரவழைத்துக் குடித்ததாக எழுதி, அதை 'டீ' என்று குறித்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஆங்கிலேயர் பலர் அதை 'டே' என்றுதான் உச்சரித்தார்கள், அதாவது ஹொக்கியனுக்கு இன்னும் நெருக்கமாக.

தமிழ் இந்த இரண்டு கிளைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 'தேயிலை', 'தேநீர்', இலங்கையின் 'தேத்தண்ணி' எல்லாம் 'தே' கிளை. கன்னியாகுமரிப் பக்கம் கடையில் கேட்கும் 'சாயா' மற்றக் கிளை. 'தேயிலை' என்பதைத் தேய்ந்த இலை என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. அது பிழை. முதல் எழுத்து ஃபூஜியன் கரையிலிருந்து வந்தது.

கெட்சப்பின் கதையும் அதே கரையில்தான் தொடங்குகிறது. ஹொக்கியனில் 'கெ-சியாப்' என்றால் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனிலிருந்து வடியும் சாறு. இதில் தக்காளிக்கு வேலையே இல்லை. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் அந்தச் சொல்லைப் பிடித்த ஆங்கில வணிகர்கள் பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மலாயிலும் 'கெச்சாப்' உண்டு, அங்கே அது சோயா சாறு. இங்கிலாந்துச் சமையலறைகள் அந்தச் சுவையைக் கையிலிருந்த பொருளால் செய்து பார்த்தன. காளான், வால்நட், நெத்திலி எல்லாம் முயன்றார்கள். தக்காளியில் செய்யும் முறையை அமெரிக்கரான ஜேம்ஸ் மீஸ் 1812-ல் அச்சேற்றினார். பொருள் அடியோடு மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. கடன்சொல்லுக்கு ஊர் விசுவாசம் கிடையாது. வந்த இடத்தில் எது கிடைக்கிறதோ அதைக் குறிக்கத் தொடங்கிவிடும்.

காண்டன் வாசல்: பேரம் பேசப் பிறந்த மொழி

1757-ல் சீனப் பேரரசு, மேற்கத்தியக் கப்பல் வணிகம் முழுவதையும் காண்டன் என்ற குவாங்சோ ஒன்றிலேயே அடக்கியது. 1842 நான்கிங் உடன்படிக்கை வரை இதே நிலைதான். அந்நியர் சீனம் கற்பதையும் அரசு விரும்பவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃபிளின்ட் சீனம் கற்றவர். 1759-ல் வடக்கே போய்ப் பேரரசரிடம் முறையிட்டதற்காக மூன்றாண்டு மக்காவ் நகரில் அடைபட்டார். அவருக்கு மனு எழுத உதவிய சீனருக்கு மரண தண்டனை.

இரு தரப்பும் ஒன்றையொன்று முறையாகக் கற்க முடியாது, ஆனால் தினமும் சரக்குக்கு விலை பேசியாக வேண்டும். அந்த நெருக்கடியில் உருவானது சீனப் பிட்ஜின் ஆங்கிலம்: சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம், அடுக்கும் முறை பெரும்பாலும் சீனம். 'பிட்ஜின்' என்ற பெயரே 'பிசினஸ்' என்பதன் அந்த ஊர் உச்சரிப்பு என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

அங்கிருந்து பொது ஆங்கிலத்துக்கு வந்தவை சில. 'சாப்-சாப்' என்றால் சீக்கிரம். காண்டனீஸில் அவசரத்தைக் குறிக்கும் 'காப்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 'லுக்-சீ' என்றால் ஒரு பார்வை. முடியாது என்பதற்கு 'நோ கேன் டூ'.

'லாங் டைம் நோ சீ' மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. மாண்டரினில் 'ஹாவ் ஜியூ பூ ஜியென்' என்றால் 'நெடுநாள் இல்லை பார்' என்று சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பிட்ஜின் வழிதான் இது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 1900 வாக்கில் வெளியான ஓர் அமெரிக்க நூலில் இந்தத் தொடர் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் வாய்மொழியாக வருகிறது. எனவே சீன மூலம் வலுவான சாத்தியம், நிரூபணமான முடிவு அல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று: இத்தகைய தொடர்கள் வெள்ளையர் அல்லாதாரின் ஆங்கிலத்தைக் கேலி செய்யவே நீண்ட காலம் அச்சில் பயன்பட்டன. இன்று நண்பரைக் கண்டதும் அன்போடு சொல்பவர்களுக்கு அந்தக் கேலி தெரியாது. சொல்லின் வரலாற்றைச் சொல்லும்போது இதை மறைத்துவிடக் கூடாது.

அரசவை வாசல்: தலையும் முகமும்

'கவ்டவ்' என்பது தலையை நிலத்தில் முட்டி வணங்குவது. பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியைத் தரையில் பதிக்க வேண்டும். மொத்தம் ஒன்பது. 1793-ல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி பிரபு இதைச் செய்ய மறுத்தார். 1816-ல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் தூதும் இதே சிக்கலில் முறிந்தது. அந்தச் சர்ச்சை பத்திரிகைகளிலும் பயண நூல்களிலும் அடிபட்டதில் சொல் பரவியது. சில பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் கூழைக்கும்பிடு போடுவது என்ற பொருளில் வினைச்சொல்லாகிவிட்டது. சீனத்தில் மரியாதைச் சடங்கு, ஆங்கிலத்தில் வசை. மறுத்தவர்கள் தரப்பின் பார்வைதான் சொல்லோடு சேர்ந்து குடியேறியது.

'லூஸ் ஃபேஸ்', 'சேவ் ஃபேஸ்' இரண்டையும் இரட்டையர் என்று நினைப்போம். பிறப்பு வேறு. சீனத்தில் 'தியூ லியென்' என்றால் முகத்தைத் தொலைப்பது. நாலு பேர் முன்னால் மானம் போவது. அதன் நேரடி மொழிபெயர்ப்பான 'லூஸ் ஃபேஸ்', சீனச் சுங்கத் துறையை நெடுங்காலம் நடத்திய ராபர்ட் ஹார்ட்டின் 1876-ஆம் ஆண்டு எழுத்தில் காணப்படுகிறது. 'சேவ் ஃபேஸ்', அதாவது முகத்தைக் காப்பாற்றிக்கொள்வது, அப்படியே மொழிபெயர்க்கப்பட்ட தொடர் அல்ல. சீனாவில் வாழ்ந்த ஆங்கிலேயர், முதல் தொடரைப் பார்த்துத் தாங்களே எதிர்ப்பதமாக வார்த்துக்கொண்டது. கடன் வாங்கிய சொல் புது மொழியில் குட்டி போடத் தொடங்கினால், அது விருந்தாளி நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

போர் வாசல்: மூளையும் புலியும்

இருபதாம் நூற்றாண்டில் வழி மாறியது. வணிகருக்குப் பதில் நிருபர்களும் படைவீரர்களும் சொற்களைச் சுமந்தார்கள்.

ஜப்பானியப் படையெடுப்பால் தொழிற்சாலைகள் அழிந்த நிலையில், 1938-ல் சீனத் தொழில் கூட்டுறவு இயக்கம் தொடங்கியது. நியூசிலாந்தைச் சேர்ந்த ரேவி ஆலி அதில் முன்னின்றவர். நீண்ட பெயரைச் சீன வழக்கப்படி இரண்டு எழுத்தாகச் சுருக்கி, 'கோங் ஹ' என்றார்கள். 'தொழில்', 'கூட்டு' என்பவற்றின் முதலெழுத்துகள் போல. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அதிகாரி இவான்ஸ் கார்ல்சன் சீனாவில் இதைப் பார்த்தார், 'சேர்ந்து உழை' என்ற முழக்கமாக எடுத்துக்கொண்டார். 1942-ல் தாம் அமைத்த படைப்பிரிவுக்கு அதையே தாரக மந்திரமாக்கி, வீரர்களும் அதிகாரிகளும் சமமாகப் பேசும் 'கங் ஹோ' கூட்டங்கள் நடத்தினார். பிற பிரிவு வீரர்கள் அந்த மிதமிஞ்சிய உற்சாகத்தைப் பார்த்துக் கிண்டலாகச் சொல்லப்போய், இன்று ஆங்கிலத்தில் 'கங்-ஹோ' என்றால் யோசிக்காமல் பாய்கிற ஆர்வம். கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் இங்கே வந்து நின்றது!

'பிரெயின்வாஷிங்' அமெரிக்க அச்சில் புழக்கத்துக்கு வந்தது 1950 செப்டம்பரில், எட்வர்ட் ஹன்டர் மயாமி நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையால். அவர் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் பிரச்சாரப் பணி பார்த்தவர். சீன அரசின் அதிகாரபூர்வச் சொல் 'சிந்தனைச் சீர்திருத்தம்'. 'ஷி நாவ்' என்பது மக்கள் பேச்சில் அதற்கு வழங்கிய சொல். ஹன்டர் அதிகாரபூர்வச் சொல்லை விட்டு மக்கள் சொல்லை எடுத்தார், சொல்லில் படம் இருந்ததால் ஒட்டிக்கொண்டது. கொரியப் போர் முடிந்ததும் அமெரிக்கக் கைதிகள் 21 பேர் நாடு திரும்ப மறுத்தார்கள். 'ஏன்?' என்ற கேள்விக்குத் தயாராக ஒரு விடையாக இந்தச் சொல் இருந்தது. பின்னர் விளம்பரம், மதப் பிரச்சாரம், அரசியல் என்று எங்கும் பாய்ந்தது. ஆங்கிலத்திலிருந்து நாம் அதையே மீண்டும் உறுப்பு உறுப்பாக மொழிபெயர்த்து 'மூளைச்சலவை' என்றோம். தமிழ் மேடைகளில் அன்றாடம் ஒலிக்கும் இந்தச் சொல்லின் பாட்டி சீனத்தில் இருக்கிறாள்.

'காகிதப் புலி'யும் இதே தடத்தில் நம்மிடம் வந்தது. 1946 ஆகஸ்டில் யெனான் நகரில் மாவோ, அமெரிக்க நிருபர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் அணுகுண்டை 'ஜீ லாவ்ஹூ' என்றார். மொழிபெயர்ப்பாளர் முதலில் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்று பெயர்த்ததாகவும், மாவோ நிறுத்தி, அது வேறு, இது வேறு என்று திருத்தியதாகவும் ஸ்ட்ராங் பதிவு செய்திருக்கிறார். பொம்மை காக்கையை விரட்டவாவது உதவும். காகிதப் புலி மழையில் நனைந்தால் குலைந்துவிடும் என்பதே வேறுபாடு. ஒரு நுணுக்கம்: இந்தத் தொடரை ஆங்கிலத்தில் முதலில் அச்சேற்றியவர் மாவோவின் மொழிபெயர்ப்பாளர் அல்லர். 1836-லேயே ஜான் டேவிஸ் சீனர் பற்றிய தம் நூலில், வெறும் சவடால் பேர்வழியைச் சீனர் 'காகிதப் புலி' என்பார்கள் என்று எழுதிவிட்டார். நூறாண்டுக்கு மேல் அது தூங்கியது. சொல் கிடைத்தால் போதாது, அதைச் சொல்ல வைக்கும் நிகழ்ச்சியும் வேண்டும்.

உள்ளூர் வாசல்: கியாசுவும் எண்ணெயும்

இன்றைக்கு வலுவான வாசல் இதுதான். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஆங்கிலம் அந்த ஊர் மக்களின் சொந்த மொழிகளில் ஒன்று. சீனம் பேசும் வாயே ஆங்கிலமும் பேசுகிறது. நடுவில் தூதர் தேவையில்லை.

'கியாசு' ஹொக்கியன் சொல். 'கியா' அச்சம், 'சு' தோல்வி. தோற்றுவிடுவோமோ, நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் முந்திக்கொள்ளும் குணம். விருந்தில் தேவைக்கு மேல் தட்டை நிரப்புவது, பிள்ளைக்கு எல்லாப் பாடத்துக்கும் தனிவகுப்பு வைப்பது, இலவசப் பொருளுக்கு விடியுமுன் வரிசையில் நிற்பது எல்லாம் கியாசு. சிங்கப்பூர்த் தமிழர் பேச்சிலும் இது இயல்பாக வரும். பேராசை, பொறாமை, போட்டி எதுவும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் மையத்தில் இருப்பது பயம். 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதைச் சேர்த்தது.

2018-ல் சேர்ந்த 'ஆட் ஆயில்' ஹாங்காங் ஆங்கிலத்தில் ஊக்கக் கூவல். மாண்டரினில் 'ஜியா யோ', எண்ணெய் ஊற்று என்பது சொற்பொருள். விளையாட்டு அரங்கிலும் தேர்வறை வாசலிலும் ஹாங்காங்கில் ஜனநாயகம் கேட்டு நடந்த 2014 குடைப் போராட்டத்திலும் ஒலித்தது.

இங்கேதான் செய்திகள் தடுமாறுகின்றன. "ஆக்ஸ்ஃபோர்டு அங்கீகாரம்" என்று தலைப்பிடுவார்கள். அந்த அகராதி அங்கீகரிப்பதில்லை, பதிவு செய்கிறது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல எழுத்துகளில், போதிய காலம் ஒரு சொல் புழங்கியதற்குச் சான்று சேர்ந்தால் ஏற்றுவார்கள். பிறகு வழக்கொழிந்தாலும் நீக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் பதிவிடக்கூடிய 'அர்பன் டிக்‌ஷனரி' தளம் முற்றிலும் வேறு. 2014-ல் 'நோ ஸுவோ நோ டை' என்ற வம்பை விலைக்கு வாங்காதே வகைத் தொடர் அந்தத் தளத்தில் ஏறியதை, ஆங்கிலத்திலேயே ஏறிவிட்டதாகச் சீன ஊடகங்கள் கொண்டாடின. 2010-ல் 'அசத்தலான' என்ற பொருளில் வந்த 'கெய்லிவபிள்' என்ற கலவைச் சொல்லுக்கும் இதே ஆரவாரம் நடந்தது. இரண்டும் தங்கவில்லை. அவற்றைச் சீன இணையவாசிகள்தான் ஆங்கிலத்தில் செய்தார்கள். ஆங்கிலத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அவை தேவைப்படவில்லை.

இணைய வாசல்: போய்த் திரும்பிய சொல்

2021 ஏப்ரலில் ஒரு சீன இணையப் பதிவிலிருந்து பரவிய 'தாங் பிங்', அதாவது ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்துக்கொள்வது, சில மாதங்களில் 'லையிங் ஃபிளாட்' ஆக உலக ஊடகங்களில் வந்தது. மற்ற நாட்டு இளைஞர்களுக்கும் அதே களைப்பு இருந்ததால் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

'இன்வல்யூஷன்' பயணம் இன்னும் வியப்பானது.

1. மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-ல் ஜாவா விவசாயத்தைப் பற்றி எழுதியபோது இந்த ஆங்கிலச் சொல்லை ஆண்டார்: ஒரே வயலில் மேலும் மேலும் ஆட்கள் உழைத்தும் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு கூடாத நிலை.
2. சீன வேளாண் வரலாற்று ஆய்வுக்கு அது போனபோது, 'உள்ளே சுருட்டு' என்ற பொருளில் 'நெய்ஜுவான்' என்று பெயர்த்தார்கள்.
3. 2020-ல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டே மடிக்கணினியில் வேலை செய்யும் படம் பரவியபோது, கலைச்சொல் தெருச்சொல்லானது.
4. 2024 ஜூலையில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழுவே 'நெய்ஜுவான் பாணிப் போட்டி'யைத் தடுக்க வேண்டும் என்றது. வணிக நிருபர்கள் பழைய ஆங்கிலச் சொல்லுக்கே திரும்பினார்கள்.

இந்தப் பொருள் நிலைக்குமா என்பது, சீனா அல்லாத ஊர்களைப் பற்றி எழுதும்போதும் இதை எடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. சீனச் செய்தியில் மட்டும் வரும் சொல் இன்னும் மேற்கோள் குறிக்குள்தான் வாழ்கிறது.

சீன முத்திரை குத்திய போலிகள்

'சுவாரசியமான காலத்தில் வாழ்வாயாக' என்ற 'சீனச் சாபம்' 1966-ல் ராபர்ட் கென்னடியின் கேப் டவுன் உரையிலும் இடம்பெற்றது. அப்படியொரு சாபம் சீனத்தில் கிடையாது. 'நெருக்கடிக்கான சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் இருக்கின்றன' என்பது ஜான் கென்னடி 1959-லேயே மேடையில் சொன்னது. 'வெய்ஜி'யில் 'வெய்' ஆபத்துதான். ஆனால் 'ஜி' அங்கே திருப்புமுனைத் தருணம். வாய்ப்பு என்பதற்கு 'ஜிஹுய்' என்ற முழுச் சொல் வேண்டும்.

ஒரு தொடர் உண்மையில் சீனமா என்று சரிபார்க்க இந்த வரிசை உதவும்:

1. சீன மூலத்தை எழுத்தோடு தரச் சொல்லுங்கள். 'பழஞ்சீனப் பழமொழி' என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.
2. எந்த வட்டார மொழி என்று பாருங்கள். பழைய கடனுக்கு இன்றைய மாண்டரின் உச்சரிப்பைக் காட்டி விளக்கினால் பெரும்பாலும் தவறும்.
3. முதல் அச்சுச் சான்றின் ஆண்டையும் இடத்தையும் தேடுங்கள். அந்த இடத்தில் சீனம் பேசியவர்கள் இருந்தார்களா?
4. திசையைச் சோதியுங்கள். சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே சொல் இருப்பதால் மட்டும் அது சீனத்தில் பிறந்ததாகாது.

நான்காவதில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். 'கூலி'யே சான்று. சீனத்தில் 'குலி' என்ற சொல்லைக் 'கசப்பு', 'வலிமை' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். பொருள் அவ்வளவு கச்சிதமாக அமைவதால் சீனமே மூலம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது இந்தியக் கரையிலிருந்து ஐரோப்பியர் வழியே போனது. தமிழின் 'கூலி'யா, குஜராத்தின் 'கோலி' மக்கள் பெயரா, இரண்டும் கலந்ததா என்பதில்தான் விவாதம். எழுத்துகளை ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்தத் தேர்ந்தவர்கள் சீனர்கள். நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக் காசை ஆங்கில வணிகர்கள் 'கேஷ்' என்றார்கள். அதுவும் சீனம் அல்ல. நம் 'காசு' போர்த்துகீசிய வாயில் 'காய்ஷா' ஆகி, காண்டன் கணக்குப் புத்தகம் வரை போன பெயர் அது.